முதலில் அடிப்புறம்

பிளாஸ்டிக் மாதிரி விமானம் கட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மேற்பக்கத்தில் பச்சையும் மண்ணிறமும் வளைந்து வளைந்து வரும் உருமறைப்பு நிறங்களை நாள்கணக்கில் இழைப்பார்கள். அடிப்புறத்துக்கோ தொடக்கத்திலேயே ஒரு வெளிர் நிறத்தை அவசரமாக அடித்துவிட்டு அதை மறந்துவிடுவார்கள். சக்கரத்தில் நிற்கப்போகிற விமானத்தின் வயிற்றை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்பது அவர்கள் நியாயம். எனக்கு அது ஒத்துவரவில்லை. நான் வன்னியில் வளர்ந்தவன். எங்களுக்கு விமானம் என்றால் அதன் வயிறுதான். முதுகு எப்படியிருக்கும் என்று எங்களில் எவரும் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டதுமில்லை.

நான் இப்போது கட்டி முடித்திருப்பது ஹோக்கர் ஹரிகேன் மார்க் 1. ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பெட்டி, 1/72 அளவு. உண்மையான விமானத்தின் சிறகு அகலம் 12.19 மீட்டர். என் மேசையில் அது ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். ஹரிகேனிலும் பல வகை உண்டு. என்னுடையது முதற்காலத்தது: சிறகுக்கும் துணி போர்த்தியது, முன்னால் மரத்தில் செதுக்கிய இரண்டே இரண்டு அலகு கொண்ட விசிறி. பார்ப்பதற்குப் போர் விமானம் போலவும் இருக்கும், பழைய காலத்து இரட்டைச் சிறகு விமானத்தின் தம்பி போலவும் இருக்கும். சிட்னி காம் வடிவமைத்த இந்த விமானம் முதன்முதலில் பறந்தது 1935 நவம்பர் 6ஆம் திகதி. 1937 டிசம்பரில் நோர்த்தோல்ட் தளத்தில் 111ஆம் படையணிக்கு முதல் ஹரிகேன்கள் வந்தன. அந்தப் படையணியின் தலைவர் ஜோன் கிலன் 1938 பெப்ரவரியில் எடின்பரோவிலிருந்து நோர்த்தோல்ட்டுக்கு 48 நிமிடத்தில் பறந்து வந்தார். மணிக்கு 650 கிலோமீட்டருக்கு மேல் சராசரி வேகம். பத்திரிகைகள் கொண்டாடின. பின்னாலிருந்து தள்ளிய பெருங்காற்றைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. சக விமானிகள் மட்டும் அவருக்குக் காற்றின் பேரிலேயே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

கிளிநொச்சியில் மாதிரி விமானக் கடை கிடையாது. பெட்டி லண்டனில் இருக்கும் சித்தப்பா மகனின் சூட்கேஸில் சப்பாத்துகளுக்கும் சொக்லேட்டுகளுக்கும் நடுவே வந்தது. பெட்டி வரும், பசையும் நிறமும் வராது. எனாமல் நிறம், கரைப்பான், பசை எல்லாம் தீப்பற்றக்கூடியவை என்பதால் பயணிகள் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். ஆகவே இங்கே கட்டுகிறவன் பாதி வேலையைக் கராஜிலும் பாதியைப் புத்தகக் கடையிலும் தேடிக்கொள்ள வேண்டும். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. எல்லாமே சின்னப் போத்தலில் எண்ணிடப்பட்டு வந்துவிட்டால் கைக்கு என்ன வேலை?

பரந்தனில் வாகனங்களுக்கு நிறம் அடிக்கும் அண்ணை ஒருவர் இருக்கிறார். அவரிடமிருந்துதான் தின்னர் வாங்குகிறேன். இந்தப் பெட்டிகள் பொலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. வாகன நிறத்துக்குக் கலக்கும் தின்னர் அதைக் கரைக்கும். இரண்டு பாகங்களையும் பொருத்திப் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையில் ஒரு துளி எடுத்து இணைப்புக்கோட்டில் தொட்டால் போதும். திரவம் தானாகவே இடுக்குக்குள் ஓடிவிடும். இரு பக்கத்துப் பிளாஸ்டிக்கும் இளகி ஒன்றோடொன்று கலந்து, காய்ந்த பிறகு ஒரே துண்டாகிவிடும். அதாவது இது ஒட்டுவது அல்ல, உருக்கி இணைப்பது. பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் சட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்கி அதே தின்னரில் ஊறப்போட்டால் கூழாகிவிடும். அதுவே இடைவெளிகளை நிரப்பும் பட்டி. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. அந்த வாடை தலையைப் பிடிக்கும்.

அண்ணைக்கு நான் செய்வது முதலில் விளங்கவில்லை. உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாகனம் என்றால் சரி. இதை எதற்குக் கட்டுகிறாய் தம்பி? இதைக் கண்டால் ஓடத்தானே பழகினோம்" என்றார். பிறகு அவரே சிறகு உடலோடு சேரும் இடத்தில் நகத்தால் தடவிப் பார்த்து, "இதிலே பள்ளம் இருக்கிறது. பட்டி வைத்து, வோட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்" என்று சொல்லிக் கிழிந்த தாள் ஒன்றையும் தந்தார். தொழில்காரனுக்குப் பள்ளம் பள்ளம்தான், அது வானில் இருந்தால் என்ன, லொறியில் இருந்தால் என்ன.

1/72 என்ற இந்த விசித்திரமான அளவு எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்பதுண்டு. கணக்கு அடியிலும் அங்குலத்திலும் இருக்கிறது: ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகிறான். 1936இல் பிரித்தானியாவில் ஃபிராக் நிறுவனம் 'பென்குயின்' என்ற பெயரில் விற்ற பிளாஸ்டிக் பெட்டிகள் இந்த அளவில்தான் வந்தன. ஏர்ஃபிக்ஸ் தன் முதல் விமானப் பெட்டியான ஸ்பிட்ஃபயரை விற்றது அதற்கு வெகு காலம் கழித்து, 1953இல். ஆனால் இந்த அளவு ஊர் ஊராகப் பரவியதற்கு விளையாட்டு மட்டும் காரணமல்ல. 1942 தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் செய்து தரும்படி கேட்டது. மரத்தில் செதுக்கி, 1/72 அளவில், முழுக்கக் கறுப்பு நிறம் அடித்து. ஏன் கறுப்பு? வானத்தில் வரும் விமானம் தரையில் நிற்பவனுக்கு நிழலுருவமாகத்தான் தெரியும். அந்த நிழலைப் பார்த்து நம்முடையதா எதிரியுடையதா என்று சொல்ல வேண்டும். 1/72 மாதிரியைப் பத்து மீட்டர் தள்ளிப் பிடித்தால் 720 மீட்டரில் வரும் உண்மையான விமானத்தின் அளவுக்குத் தெரியும். பீரங்கிப் படையினருக்கும் விமானிகளுக்கும் அப்படித்தான் பாடம் நடந்தது.

இதை முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கு மாதிரி தந்து பாடம் நடத்த யாரும் வரவில்லை, ஆனாலும் வகுப்பில் எல்லோரும் சித்தியடைந்திருந்தோம். அதுவும் காதால். சகடை என்று நாங்கள் அழைத்த குண்டு போடும் விமானம் வேறு, புக்காரா என்ற தாக்குதல் விமானம் வேறு. இஸ்ரேலியத் தயாரிப்பான கிபிர் 1996இல் இலங்கை விமானப்படைக்கு வந்த பிறகு அது வேறு. 2000இல் மிக்-27 வந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கே இவை தெரியும். ஆளில்லா வேவு விமானத்துக்கு வண்டு என்று பெயர். அது மணிக்கணக்கில் ரீங்கரித்துக்கொண்டு சுற்றும். சுற்றிவிட்டுப் போனால் அடுத்து எது வரும் என்று ஊகிக்கத் தொடங்குவோம். கிபிரைக் காது முந்திப் பிடிக்காது. சத்தம் வரும்போது விமானம் கடந்து போயிருக்கும். அதனால் அண்ணாந்து பார்த்தால் தெரிவதெல்லாம் தூரத்தில் சரிந்து திரும்பும் ஒரு முக்கோணத்தின் அடிப்பக்கம், அதுவும் அரைக் கணம்.

பாடசாலையிலும் பங்கர், வீட்டிலும் பங்கர். யாழ்தேவி ஓடிய பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பனங்குற்றிகளோடு சேர்ந்து பங்கர்க் கூரைகளாகக் கிடந்த காலம் அது. ரயில் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது 2013இல்தான். இந்தக் கதைகளை எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், என்னைவிட நன்றாகவும் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது நிறத்தைப் பற்றி.

போர் விமானத்துக்கு இரண்டு விதமான பார்வையாளர்கள். மேலிருந்து பார்ப்பவன் இன்னொரு விமானி. அவன் கண்ணுக்கு விமானம் வயலோடும் காட்டோடும் கரைந்துபோக வேண்டும். அதற்காகவே மேற்பக்கத்தில் கரும்பச்சையும் மண்ணிறமும். கீழிருந்து பார்ப்பவர்கள் தரையில் இருக்கும் எல்லோரும்: பீரங்கி வைத்திருப்பவன், கண்காணிப்புக் கோபுரத்தில் நிற்பவன், மாடு மேய்ப்பவன், குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவள். ஆகவே ஒரு விமானப்படை அடிப்புறத்துக்கு என்ன நிறம் அடிக்கிறது என்பதிலிருந்து, தரையில் இருப்பவர்களிடம் அது என்ன சொல்ல நினைக்கிறது, எதை மறைக்க நினைக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

பிரித்தானியாவின் முதற்கால ஹரிகேன்களை நான் தேர்ந்தெடுத்ததும் இதற்காகத்தான். இரண்டாம் உலகப் போர் மூளும் தறுவாயில், தங்கள் சண்டை விமானங்களைத் தங்கள் பீரங்கிகளே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, அடிப்புறத்தில் இடது சிறகுக்குக் கறுப்பும் வலது சிறகுக்கு வெள்ளையும் அடித்தார்கள். சரிபாதி. மறைந்துகொள்ளும் எண்ணம் துளியும் இல்லாத நிறம். 'நான் உன்னவன், சுடாதே' என்று வானத்தில் எழுதிக்கொண்டு பறப்பது போன்றது. 1940 ஜூன் வரை அப்படித்தான் பறந்தார்கள். அதன் பிறகு 'ஸ்கை' என்ற வெளிர் பச்சை கலந்த நிறம் அடிப்புறத்துக்கு வந்தது. சிட்னி கொட்டன் என்ற ஆஸ்திரேலியர் இரகசியமாக உயரத்திலிருந்து படமெடுக்கும் தன் விமானங்களுக்காகக் கலந்து வைத்திருந்த 'கமோடின்ட்' நிறத்திலிருந்து பிறந்தது அது. கூப்பிட்டுச் சொல்வதை நிறுத்திவிட்டு ஒளிந்துகொள்ளத் தொடங்கினார்கள்.

கறுப்பு வெள்ளை தரையிலிருப்பவர்களுக்குத்தான் உதவியது, வானத்துக் குழப்பத்துக்கு அல்ல. போர் தொடங்கி மூன்றாம் நாள், 1939 செப்டம்பர் 6ஆம் திகதி, பிரித்தானியாவின் 74ஆம் படையணி ஸ்பிட்ஃபயர்கள் தங்கள் நாட்டு 56ஆம் படையணியின் இரண்டு ஹரிகேன்களையே சுட்டு வீழ்த்தின. மொன்டேகு ஹல்ட்டன்-ஹரொப் என்ற இளம் விமானி இறந்தார். அந்தப் போரில் பிரித்தானியச் சண்டை விமானி ஒருவரின் முதல் மரணம் அவருடையது, தன் பக்கத்துத் துப்பாக்கியால். பின்னர் 1944 ஜூனில் நோர்மண்டித் தரையிறக்கத்தின்போது நேச நாட்டு விமானங்கள் சிறகிலும் உடலிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைப் போட்டுக்கொண்டதும் அதே பயத்தால். அவர்களுக்குத் தரையில் 'தங்களவர்' இருந்தார்கள். அந்தத் தங்களவர் தவறாகச் சுட்டுவிடுவார்களோ என்ற கவலை இருந்தது. எங்கள் தலைக்கு மேலே பறந்தவற்றில் எங்களுக்கென்று எதுவும் எழுதியிருந்ததாக நினைவில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

பாகங்களைச் சட்டத்தோடு சேர்த்துச் சன்லைட் சோப்பால் கழுவிக் காயவைப்பதில் தொடங்குகிறது. அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நிறம் பிடிக்காது. நகவெட்டியால் பாகங்களைச் சட்டத்திலிருந்து சற்றுத் தள்ளியே வெட்டி, மிச்சத்தைப் பிளேடால் சீவ வேண்டும். ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் வெளிறிப் பள்ளமாகிவிடும். விமானியின் இருக்கைப் பகுதியை முதலில் முடிப்பது வழக்கம். ஹரிகேனின் உள்ளே தகடு கிடையாது, உருக்குக் குழாய்ச் சட்டகம்தான். 1/72இல் அந்தக் குழாய்கள் ஈர்க்கு அளவுகூட இல்லை. கூரையை மூடிய பிறகு அதில் பாதி கண்ணுக்குத் தெரியாது. தெரியாத இடத்துக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கோயில் சிற்பம் செய்தவனிடமும் இருந்திருக்காது.

துணி போர்த்திய சிறகைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். லினன் துணியை எலும்புச் சட்டகத்தின் மேல் இழுத்துப் போர்த்தி, 'டோப்' என்ற பூச்சைப் பூசுவார்கள். காயும்போது அது துணியைச் சுருக்கி விறைப்பாக்கும். விறைத்தாலும் விலா எலும்புகளுக்கு நடுவே துணி மிக மெல்லிதாக உள்வாங்கியிருக்கும். அச்சு வார்த்தவர்கள் இந்த உள்வாங்கலைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்திருக்கிறார்கள். கையால் தடவினால் தெரியாது. மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, சிறகைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு விலாவும் மெல்லிய கோடாக எழுந்துவரும். தடித்த நிறம் பூசினால் அது அத்தனையும் போய்விடும். ஹாட்வெயார் கடையில் கேற்றுக்கு அடிக்க வாங்கும் எனாமல் இதற்கு உதவாது. அதன் துகளே இந்த அளவுக்குக் கரடு.

நான் பாவிப்பது கராஜ் பிரைமரும் புத்தகக் கடை அக்ரிலிக் நிறமும். அக்ரிலிக் வெறும் பிளாஸ்டிக்கில் நிற்காது, உரிந்துவரும். சாம்பல் நிற பிரைமரை ஓரடி தள்ளி நின்று புகைபோல மெல்ல மெல்ல விட வேண்டும். கிட்டப் பிடித்து ஈரமாக விட்டால் அதில் இருக்கும் தின்னர் பிளாஸ்டிக்கையே தின்னும். அதன் மேல் அக்ரிலிக்கைத் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கரைத்துத் தூரிகையால் பூசுகிறேன். வெள்ளைதான் பொல்லாத நிறம். முதல் பூச்சு பார்ப்பதற்கு அருவருப்பாக, திட்டுத்திட்டாக இருக்கும். அந்த நேரத்தில் பயந்துபோய்த் தடிப்பாக அப்பிவிடுகிறவர்களே அதிகம். பொறுமையாகக் காயவிட்டு, அடுத்த பூச்சைக் குறுக்காக, அதற்கடுத்ததை நெடுக்காக என்று போய்க்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் சாம்பல் மறைந்து வெள்ளை நிற்கும். விலாக்களும் நிற்கும்.

இதைச் செய்வதற்குக் காலம் பார்க்க வேண்டும். மாரியில் காற்றெல்லாம் ஈரம். ஸ்பிரே அடித்தால் மேற்பரப்பு பூஞ்சணம் பிடித்தாற்போல வெளிறிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஈரம் இல்லை, ஆனால் புழுதி. எங்கள் பக்கத்து மண் ஜன்னல் வழியாக வந்து ஈரமான நிறத்தில் குந்திவிடும். வெள்ளையில் சிவந்த புள்ளியாகத் தெரியும், கறுப்பில் சொறி போலத் தெரியும். அதற்குப் பூசிய உடனே வாளியைக் கவிழ்த்து மூடிவிடுவதுதான் வைத்தியம். நுளம்புத்திரியையும் அந்த அறையில் கொளுத்தக் கூடாது, சாம்பல் பறக்கும். நிறம் அடிக்கும் இரவுகளில் நுளம்பு கடிதான்.

வெள்ளை முடிந்து நன்றாக இறுகிய பிறகு நடுக்கோட்டில் மாஸ்கிங் டேப். டேப்பின் விளிம்பை நகத்தால் அழுத்தி ஓட்டிவிட்டு, முதலில் அந்த விளிம்பின் மேல் மறுபடியும் வெள்ளையே பூசுகிறேன். இடுக்கில் நிறம் கசிவதென்றால் வெள்ளைக்குள் வெள்ளையாகக் கசிந்து அடைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக. அதன் பிறகு கறுப்பு. டேப்பை உரிக்கும்போது பின்னோக்கி மடக்கி, தாழ்வாக, மிக மெதுவாக இழுக்க வேண்டும். கோடு கூராக வந்திருந்தது. மூக்கிலிருந்து வால்வரை கத்தியால் கீறியதுபோல ஒரு பக்கம் இரவு, ஒரு பக்கம் பகல்.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சியின் மகன் வந்தான். ஒன்பதாம் வகுப்பு. 2009இல் அவன் பிறக்கவே இல்லை.

"மாமா, இந்தப் பக்கத்துக்கு வெள்ளை அடிக்க மறந்துவிட்டீர்களா?"

"இல்லை. இது இப்படித்தான் பறந்தது."

"கறுப்பு இடது பக்கம் என்று படத்தில் இருக்கிறது. உங்கள் மேசையில் வலது பக்கம் அல்லவா இருக்கிறது?"

நல்ல கண். விமானத்தைக் கவிழ்த்து வைத்து, மூக்கை அப்பால் திருப்பினால் அதன் இடது சிறகு நம் வலக்கைப் பக்கம் வந்துவிடும். தரையில் மல்லாந்து படுத்து, அது போகும் திசையில் தலையை வைத்துப் பார்ப்பவனுக்கும் அப்படியேதான். அவனிடம் கையை விரித்துக் காட்டி விளக்கினேன். உடனே தரையில் படுத்துவிட்டான். விமானத்தை அவன் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தேன். "ஓம், வலது பக்கம்தான் கறுப்பு" என்றான். அவனுக்கு அது வெறும் வடிவக்கணக்கு. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேற்பக்கத்தின் பச்சையும் மண்ணிறமும் எனக்குச் சுலபமாகவே வந்தன, ஆகவே அதிகம் சொல்வதற்கில்லை. பிரித்தானிய விமானங்களுக்கு அந்த வளைவுகள் கண்டபடி போட்டவை அல்ல, வரைபடம் உண்டு. அதைப் பென்சிலால் மெல்லக் கோடு கிழித்துக்கொண்டு நிரப்பினேன். ஆனால் ஒன்று. முதன்முறையாக ஒரு போர் விமானத்தின் முதுகை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வயலும் வரப்பும் காடுமாக ஒரு நிலப்பரப்பையே சிறகில் வரைந்திருக்கிறார்கள். இரணைமடுக் குளத்துக்குக் கீழே இருக்கும் எங்கள் வயல்களை அறுவடைக்குப் பிறகு மேலிருந்து பார்த்தால் ஏறத்தாழ இந்த நிறங்கள்தான் இருக்கும் என்று தோன்றியது. வண்டு அனுப்பிய படங்களில் நாங்கள் இப்படித்தான் தெரிந்திருப்போம்.

விமானியின் கண்ணாடிக் கூடு கடைசி. சுப்பர் குளூவை அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அதன் ஆவி பட்டுக் கண்ணாடி புகை பிடித்ததுபோல மங்கிவிடும். பிள்ளைகளின் பைன்டர் கம் போதும், காய்ந்தால் தெரியாது. சட்டங்களுக்கு நிறம் பூசக் கைநடுங்குகிறவர்கள், டேப்பில் முதலிலேயே நிறம் பூசி, காய்ந்ததும் மெல்லிய கீற்றுகளாக வெட்டி ஒட்டிவிடலாம். வட்டச் சின்னங்கள் தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி இறக்குபவை. துணியின் விலாக்கள்மேல் அவை விறைத்துக்கொண்டு நிற்கும். தண்ணீர் கலந்த வினாகிரியைத் தடவினால் இளகிப் படிந்துவிடும். இதைச் சொன்னபோது அம்மா நம்பவில்லை. மீன் குழம்புக்கு வைத்திருந்த போத்தலைத் தூக்கிக்கொண்டு போனதற்கு நான் சொல்லும் சாட்டு என்றே நினைத்தார்.

இந்த விமானத்துக்கும் இந்தத் தீவுக்கும் உறவு உண்டு. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து கட்டலினா நீர்விமானத்தில் புறப்பட்ட கனடியர் லெனார்ட் பேர்ச்சல் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு தகவல் அனுப்பினார். சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பின்மேல் ஜப்பானிய விமானங்கள் வந்தன. அவற்றை எதிர்த்து எழுந்தவற்றில் இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் கிளம்பிய ஹரிகேன்கள் முக்கியமானவை. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை. அங்கே சீனன்குடாவில் 261ஆம் படையணியின் ஹரிகேன்கள். அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. ஜப்பானின் ஸீரோ விமானத்தோடு வளைந்து திரும்பிச் சண்டையிட ஹரிகேனால் முடியாது. கனத்த உடம்பு. ஆனாலும் அதுதான் கையில் இருந்தது.

மருமகன் இதையெல்லாம் ஆர்வமாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டான். "கிபிர் பெட்டி கிடைக்காதா மாமா? அதைக் கட்டலாமே. நம் ஊருக்கு வந்ததுதானே?"

கிடைக்கும். பல நிறுவனங்கள் அதை வார்த்திருக்கின்றன. இணையத்தில் பெட்டியின் படத்தைப் பார்த்திருக்கிறேன். நல்ல ஓவியன் வரைந்த படம், மேகத்துக்கு மேலே வெயிலில் மின்னிக்கொண்டு போகிறது. அழகான விமானம் என்பதையும் மறுக்க முடியாது. கட்டக்கூடாது என்றும் நான் நினைக்கவில்லை. கட்டிய ஒருவரைத் தெரியும், எங்கள் ஊர்க்காரர், இப்போது வெளிநாட்டில். கட்டிப் பார்த்தபோது அது எவ்வளவு சின்னது என்று ஆச்சரியப்பட்டதாகச் சொன்னார். எனக்கு இன்னும் மனம் வரவில்லை, அவ்வளவுதான். மருமகனுக்கு விருப்பமென்றால் அவன் பிறந்தநாளுக்கு வாங்கித் தருகிறேன் என்றேன். தங்கச்சி அடுக்களையிலிருந்து "அந்தச் சனியன் இந்த வீட்டுக்கு வேண்டாம்" என்றாள். பேச்சு அதோடு நின்றது. வழக்கு இன்னும் தீரவில்லை.

கட்டி முடித்ததை எங்கே வைப்பது என்பதிலும் வழக்குத்தான். அடிப்புறம் தெரிய வேண்டுமானால் கூரையிலிருந்து தங்கூசியில் தொங்கவிட வேண்டும். 17 சென்டிமீட்டர் பிளாஸ்டிக், எடையே இல்லை. ஏணியை எடுத்துக்கொண்டு வந்தபோது அம்மா மறித்தார். "மேசையில் வை, அலுமாரியில் வை, சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றாலும் வை. தலைக்கு மேலே வேண்டாம்." அதற்கு மேல் விவாதம் செய்ய நான் ஆளில்லை. கண்ணாடிக் கடையில் மிஞ்சிய முகம்பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை வெட்டி வாங்கி, விளிம்பை வோட்டர் பேப்பரால் மழுக்கி, அதன்மேல் விமானத்தைச் சக்கரத்தில் நிறுத்தியிருக்கிறேன். குனிந்து பார்த்தால் பாதி கறுப்பு, பாதி வெள்ளை தெரிகிறது. அம்மாவும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, "வெள்ளைப் பக்கம் நன்றாக வந்திருக்கிறது" என்றார்.

அடுத்ததாக ஸ்பிட்ஃபயர் மார்க் 8 வருகிறது. சித்தப்பா மகன் ஓகஸ்ட்டில் வரும்போது கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். அதை வவுனியா விமானமாகக் கட்டப்போகிறேன். வவுனியா விமானத்தளம் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. இன்றும் விமானப்படைத் தளமாகவே இருக்கிறது. 1945இல் 132ஆம் படையணியின் ஸ்பிட்ஃபயர்கள் அங்கே நின்றன. ஆகவே அந்த விமானங்களின் அடிப்புறத்தை வன்னி மக்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். அதில் சின்ன வேலை ஒன்று இருக்கிறது. பிரித்தானிய வட்டச் சின்னத்தின் நடுவே சிவப்புப் பொட்டு உண்டு. ஆசியாவில் அது ஜப்பானியச் சூரியன் என்று குழப்பியதால், இந்தப் பக்கத்து விமானங்களில் சிவப்பை நீக்கிவிட்டு நீலமும் வெளிர் நீலமும் மட்டும் வைத்தார்கள். பெட்டியில் வரும் சின்னங்களில் சிவப்பு இருந்தால் அதை நான்தான் மூட வேண்டும். மூடும் வெளிர் நீலத்தைக் கலக்க மறுபடியும் வெள்ளை. பரந்தன் அண்ணையிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன், நல்ல மெல்லிய வெள்ளை ஏதாவது வந்தால் ஒரு மூடியளவு எடுத்துவைக்கும்படி.